தெளிப்புச் சகலையும் முழுக்குச் சகலையும்

பெரியவள் கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில் விரிசல் பார்க்கிறவள். உலையில் வெந்து ஆறிய பாட்டில்கள் ஒரு வெள்ளை விளக்குப் பலகைக்கு முன்னால் வரிசையாக நகர்ந்து போகும். எதிரே உட்கார்ந்து, குமிழி விழுந்தது, கழுத்து கோணியது, அடியில் மயிரிழை ஓடியது எதுவானாலும் கையை நீட்டி எடுத்து உடைசல் தொட்டியில் போட வேண்டும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த ஸ்டூலில்தான் உட்கார்ந்திருக்கிறாள். பழக்கம் எங்கே விடும்? வீட்டிலும் அதே பார்வைதான். புருஷன் வாயைத் திறந்து முதல் வாக்கியத்தை முடிப்பதற்குள் மனசுக்குள்ளே அவரை எடுத்துத் தொட்டியில் போட்டுவிடுவாள்.

புருஷன் சலூன் வைத்திருந்தார். கீழே கடை, மேலே வீடு. கட்டிக்கொண்ட புதிதில் நல்ல மனுஷன்தான். கை சுத்தம், வாயில் எப்போதும் ஒரு வேடிக்கைப் பேச்சு. வாடிக்கையாளர்கள் முடி வளராத நாளிலும் வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். ஒரு கோடைக்காலத்தில் ஊர் ஊராகப் போகிற பிரசங்கியார் ஒருவர் வந்தார். பெரிய துணிப்படம் ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, கொம்பு முளைத்த மிருகங்களையும் எக்காளங்களையும் குச்சியால் தொட்டுத் தொட்டுக் கடைசிக் காலத்தை விளக்கினார். படம் பார்க்கப் போன சலூன்காரர் திரும்பி வரும்போது வேறு ஆளாக வந்தார். பிரசங்கியார் படத்தைச் சுருட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார். இவர் சுருட்டவே இல்லை.

அன்றிலிருந்து எல்லாமே அடையாளம். எங்கேயோ பூமி நடுங்கினால் அடையாளம். கன்றுக்குட்டி ரெண்டு தலையோடு பிறந்தால் அடையாளம். சோப்பு உறையில் இருக்கிற கறுப்புக் கோடுகள் மிருகத்தின் முத்திரை. பெரிய கடையில் கதவு தானாகத் திறந்தால் அதுவும் அந்திக்கிறிஸ்துவின் ஏற்பாடு. கன்னம் முழுக்க நுரையோடு ஆள் உட்கார்ந்திருக்கும்; இவர் கத்தியை ஆட்டி ஆட்டி இரகசிய வருகையை விளக்கிக்கொண்டிருப்பார். விசுவாசிகள் எல்லாரும் ஒரு நொடியில் மேலே எடுத்துக்கொள்ளப்படுவார்கள், போட்டிருந்த துணி மட்டும் கீழே கிடக்கும், மற்றவர்கள் இங்கேயே கிடந்து உபத்திரவப்படுவார்கள் என்பது அவர் கணக்கு. கழுத்துக்குக் கீழே கத்தி இருக்கையில் யார் மறுத்துப் பேசுவார்கள்? எல்லாரும் ஆமாம் என்றார்கள். தன் பேச்சில்தான் ஜனம் மனம் திரும்புகிறது என்று இவர் நம்பிவிட்டார்.

இதையெல்லாம் பெரியவள் சகித்துக்கொண்டிருப்பாள். சகிக்க முடியாதது ஒன்று இருந்தது. கல்யாணமான மறு வருஷம் அவள் பிள்ளை வேண்டும் என்று கேட்டபோது, "இந்தக் காலத்துல பிள்ளை பெத்து உபத்திரவத்துக்கா கொடுக்கப்போற? கொஞ்சம் பொறு. அதுக்குள்ள ஆண்டவரே வந்துடுவார்" என்றார். பொறுத்தாள். அடுத்த வருஷம் கேட்டாள். அடையாளங்கள் முற்றிவிட்டன என்றார். அப்படியே தள்ளித் தள்ளிப் போய், இனிமேல் கேட்டுப் பிரயோஜனம் இல்லை என்று டாக்டரம்மா சொன்ன அதே மாதத்தில் சலூனுக்கு ஒரு புது நாற்காலி வந்து இறங்கியது. சுழலும், சாயும், ஏறி இறங்கும்.

"பத்து வருஷம் கியாரண்டி" என்று மெத்தையைத் தட்டிக் காட்டினார்.

பெரியவள் நாற்காலியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மாடிக்குப் போய்விட்டாள். அழவில்லை. அன்றைக்கு அவளுக்குள்ளே ஏதோ ஒன்று ஆறிக் கெட்டியாகிவிட்டது. அதற்குப் பிறகு அவரோடு சண்டை போட்டதே கிடையாது. மதிக்கிற ஆளோடுதானே சண்டை போட முடியும்?

அவளுடைய தங்கையைச் சின்னவள் என்பார்கள். அவளும் அதே தொழிற்சாலையில் பாட்டில்களை அட்டைப்பெட்டியில் அடுக்குகிறவள். அவள் புருஷனுக்குத் தண்ணீர் லாரி. சகலைகள் இருவரும் ஒரே ஜெபவீட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பாடினவர்கள்தான். லாரிக்காரர் எங்கேயோ போய் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டு வந்ததும் எல்லாம் கெட்டது. குழந்தையாக இருக்கும்போது தலையில் நாலு சொட்டுத் தெளித்ததெல்லாம் ஞானஸ்நானமே இல்லை, ஆள் முழுசாக உள்ளே போக வேண்டும், ஒரு முடி நனையாமல் இருந்தாலும் செல்லாது என்று ஆரம்பித்தார். சலூன்காரருக்குப் பொத்துக்கொண்டு வந்தது. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஊரார் தலைக்கெல்லாம் தண்ணீர் தெளிக்கிறவரிடம் போய்த் தெளிப்பு செல்லாது என்றால்?

"சிறைச்சாலைக்காரன் வீட்டுல ராத்திரியோட ராத்திரியா ஞானஸ்நானம் கொடுத்தாங்களே, அங்க ஆறா ஓடிச்சு?" என்பார் சலூன்காரர்.

"வேதத்துல ஆண்டவரே ஞானஸ்நானம் எடுத்துக் கரையேறினார்னு இருக்குல்ல? உள்ள இறங்காதவன் எப்படிண்ணே கரையேறுவான்?" என்பார் லாரிக்காரர்.

இதோடு விட்டதா? வருகை உபத்திரவத்துக்கு முன்னாலா பின்னாலா என்பதிலும் பிளவு. சலூன்காரர் முன்னால் கட்சி. லாரிக்காரர் பின்னால் கட்சி. யாரும் நடுவில் நழுவ முடியாது, எல்லாரும் உபத்திரவத்தைப் பட்டுத்தான் ஆக வேண்டும் என்பார். ரெண்டு பேருக்கும் ஆளுக்குக் கொஞ்சம் ஆதரவாளர்கள் சேர்ந்தார்கள். ஜெபவீட்டுப் போதகர் சாதுவான மனுஷர். சமாதானம் பேசிப் பேசி இளைத்து, கடைசியில் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பிறகு ஒருநாள் லாரிக்காரர் தன் மனைவியைக் கூப்பிட்டு, "அந்தக் குளிக்காத வீட்டு ஆளுங்களோட உனக்கு இனிமே பேச்சு வார்த்தை கிடையாது" என்று சொல்லிவிட்டார். இந்தப் பக்கம் சலூன்காரரும் சளைக்காமல் அதே கட்டளையைப் போட்டார். அக்கா தங்கை இருவரும் தலையாட்டினார்கள். தெருவில் எதிரே பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். தொழிற்சாலைக்குள் போனதும் சாப்பாட்டு நேரத்தில் ஒரே டப்பாவில் கை வைத்துச் சாப்பிடுவார்கள். சகோதரிகளின் வைராக்கியத்தைப் பற்றிப் புருஷர்கள் ரெண்டு பேரும் சபையில் சாட்சி சொன்னதைக் கேட்டு, அன்று மதியம் சின்னவளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

இப்படி இருக்கையில் ஒரு சனிக்கிழமை, தொழிலாளர் சங்கக் கூடத்தை வாடகைக்கு எடுத்து நேருக்கு நேர் விவாதம் என்று அறிவித்தார்கள். 'தெளிப்பா முழுக்கா? முன்பா பின்பா?' என்று சுவரெல்லாம் காகிதம் ஒட்டியிருந்தது. சலூன்காரர் சட்டைக்குக் கஞ்சி போடச் சொன்னார். லாரிக்காரர் தொண்டைக்கு வெந்நீர் குடித்துக்கொண்டே போனார். மேடையில் இருக்கும்போது போனை அணைத்து வைக்க வேண்டும் என்பது விவாத விதி.

பெரியவளுக்கு அன்று அரைநாள் வேலை. புருஷர்கள் ரெண்டு பேரும் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்கிற நாள் தினமும் வருமா? நேரே தங்கை வீட்டுக்குப் போனாள். ரெண்டு டம்ளர் தேநீர் போட்டு மேசையில் வைத்துவிட்டு, "இருக்கா, துணியை அலசிப் போட்டுட்டு வந்துடறேன்" என்று சின்னவள் குளியலறைக்குள் போனாள். தடாலென்று சத்தம் கேட்டது.

பெரியவள் ஓடிப் பார்த்தபோது சின்னவள் ஈரத் தரையில் ஒருக்களித்துக் கிடந்தாள். கால் இருக்கக்கூடாத திசையில் இருந்தது. குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, அசைக்காத. அசைக்காத. செத்துடுவேன் போலிருக்கு."

"நீ சாகமாட்டே. என்னைப் பாரு. வேற எங்கயும் பாக்காத."

பக்கத்து வீட்டுப் பெண் ஆம்புலன்சுக்குச் சொன்னாள். வந்தவர்கள் மெதுவாகத் தூக்கிக் கூடத்தில் கிடத்தினார்கள். ஆண்கள் வெளியே நிற்க, பெரியவள் தங்கையின் நனைந்த துணியைக் கழற்றி அங்கேயே தரையில் போட்டுவிட்டு, போர்வையால் உடம்பைச் சுற்றினாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துணியின் மேலேயே வைத்தாள். குழாயை யாரும் மூடவில்லை. கதவை யாரும் சாத்தவில்லை.

ஆம்புலன்சிலிருந்து ரெண்டு புருஷர்களுக்கும் போன் போட்டாள். ரெண்டும் அணைந்து கிடந்தன. சங்கக் கூடத்துக்குப் போட்டாள். காவலாளி எடுத்தான்.

"மேடையில இருக்காங்கம்மா. நடுவுல எதுவும் சொல்லக்கூடாதுன்னு உத்தரவு."

"லாரிக்காரர் பொண்டாட்டி எலும்பு முறிஞ்சு கிடக்கான்னு சொல்லுப்பா."

"முடிஞ்சதும் சொல்றேம்மா" என்றான். மறந்துவிட்டான்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சலூனுக்கு எதிரே தையல் மிஷின் போட்டிருக்கிற டெய்லர்தான் அவளுக்குச் சொன்னார். அந்த மனுஷர் பொய் சொல்லத் தெரியாதவர். அதோடு, இந்த மாதிரி ஒன்றைக் கற்பனை செய்ய அவருக்குத் திறமையும் போதாது.

விவாதத்தில் ரெண்டு பேருமே ஜெயித்துவிட்டார்கள். அவரவர் ஆட்கள் அவரவருக்குக் கை தட்டினார்கள். சலூன்காரர் மாலை வியாபாரத்துக்காக நேரே கடைக்கு வந்து, வங்கிக் காவல்காரர் ஒருவரை நாற்காலியில் சாய்த்து நுரை போட்டுக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் லாரி கிறீச்சென்று வந்து நின்றது. லாரிக்காரர் செருப்பில்லாமல் குதித்தார். கையில் சின்னவளின் மூக்குக் கண்ணாடி.

"அண்ணே! அவ போயிட்டாண்ணே!"

"எங்க போயிட்டா?"

"மேல! கதவு திறந்து கிடக்கு, குழாய் ஓடுது, தேத்தண்ணி அப்படியே இருக்கு. துணி மட்டும் குவியலா கிடக்குண்ணே! மேல கண்ணாடி!"

சலூன்காரர் கத்தியை வைத்துவிட்டு மாடிக்கு ஓடினார். பூட்டியிருந்தது. சனிக்கிழமை மதியத்துக்குப் பிறகு வீட்டில் இருக்க வேண்டியவள் இல்லை. இறங்கி வரும்போது அவர் முகம் சாம்பல் நிறத்துக்குப் போயிருந்தது.

"இவளும் இல்ல" என்றார்.

வங்கிக் காவல்காரர் பாதிக் கன்னத்தைத் தடவிக்கொண்டு, "ஐயா, என் தாடி?" என்றார்.

"இனிமே தாடி எதுக்கு?" என்றார் சலூன்காரர்.

காவல்காரர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு நழுவிவிட்டார். சகலைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த நிலைமையிலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"நீங்க சொன்னபடி முன்னாடியேதான் நடந்திருக்கு. அப்ப நீங்க ஏண்ணே இங்க நிக்கறீங்க?"

"நீ சொன்னபடி யாருமே போயிருக்கக்கூடாது. அப்ப உன் பொண்டாட்டி எப்படிப் போனா?"

லாரிக்காரர் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். "நம்ம ரெண்டு பேரையும் விட்டுட்டாங்கண்ணே" என்று தேம்பினார். சலூன்காரர் கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மெல்லிய குரலில், "ஒருவேளை எனக்குத் தண்ணி போதாமப் போயிருக்குமோ?" என்றார்.

"ஒருவேளை எனக்குத் தேவைக்கு மேல ஆயிடுச்சோ?" என்றார் மற்றவர்.

இத்தனை வருஷம் ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்களைப் பேசக்கூடாது என்று தடுத்து வைத்த கொள்கை, நாலு நிமிஷம் தாங்கவில்லை. தெருவே பார்க்கச் சலூன்காரர் லாரியின் இரும்பு ஏணியில் ஏறினார். மேலே இருக்கிற மூடியைத் திறந்து உள்ளே இறங்கப் பார்த்தார். தொந்தி தொட்டியின் வாயில் மாட்டிக்கொண்டது. லாரிக்காரர் தோளைப் பிடித்து அமுக்கி, வேண்டிய வார்த்தைகளைச் சொல்லி, ஆளை முழுக்கினார். முடி நனைந்ததா என்று சலூன்காரரே தடவிப் பார்த்துக்கொண்டு, "இன்னொரு தடவை அமுக்கு, உச்சியில காஞ்சிருக்கு" என்றாராம். பிறகு லாரிக்காரர் இறங்கிப் போய்ச் சலூன் நாற்காலியில் உட்கார்ந்தார். ஈரம் சொட்டச் சொட்ட வந்த சலூன்காரர், தண்ணீர் அடிக்கிற பாட்டிலை எடுத்து அவர் தலையில் அடித்தார்.

"நல்லா அடிங்கண்ணே. நாலு சொட்டுல என்ன ஆகும்?"

அந்தச் சமயத்தில்தான் பெரியவள் தெருமுனையில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். தங்கையின் காலுக்கு எடை கட்டி மாட்டியிருந்தார்கள்; மறுநாள் அறுவை சிகிச்சை. மாற்றுத் துணியும் தலையணையும் எடுத்துக்கொண்டு போக வந்தாள். கடை வாசலில் கூட்டம். விலக்கிக்கொண்டு உள்ளே பார்த்தாள். கஞ்சி போட்ட சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டு நிற்கிற புருஷன். கழுத்தில் துணி கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, தலையிலிருந்து நீர் வழிய உட்கார்ந்திருக்கிற தங்கை புருஷன்.

சலூன்காரர் அவளைக் கண்டதும் பாட்டிலைக் கீழே போட்டுவிட்டார்.

"நீ... நீயும் விடப்பட்டுட்டியா?"

"நான் பஸ்ல வந்தேன்" என்றாள் பெரியவள்.

"அண்ணி, அவ போயிட்டா அண்ணி, துணி மட்டும்..."

"துணியை நான்தான் கழட்டிப் போட்டேன். குளியலறையில வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிஞ்சு ஆஸ்பத்திரியில கிடக்கா. உங்க ரெண்டு பேருக்கும் மதியத்துலேர்ந்து போன் போட்டு என் விரல் தேஞ்சுபோச்சு."

லாரிக்காரர் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார். முகம் மலர்ந்துவிட்டது. ரெண்டு கையையும் தூக்கி, "தோத்திரம்! அப்ப வருகை இன்னும் இல்லண்ணே!" என்றார்.

"அதானே பாத்தேன்" என்றார் சலூன்காரர். "வந்திருந்தா நான் இங்க எப்படி இருப்பேன்?"

இருவரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். பெரியவள் அப்படியே நின்றாள். கேட்பார்கள், கேட்பார்கள் என்று நின்றாள். எந்த ஆஸ்பத்திரி, எந்தக் கால், வலி எப்படி இருக்கிறது, ஒன்றும் வரவில்லை. கூட்டத்தில் நின்ற டெய்லர்தான், "எந்த ஆஸ்பத்திரிம்மா?" என்று கேட்டார். அவரிடம் சொன்னாள். மாடிக்குப் போய் ஒரு பையில் தன் துணிகளையும் எடுத்து அடைத்துக்கொண்டாள். இறங்கி வரும்போது இவர்கள் தலை துவட்டிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அதற்குள் மிடுக்கு திரும்பியிருந்தது. கட்டில் பக்கம் நின்று ஜெபம் செய்தார்கள், நீளமாக. பிறகு தாழ்வாரத்துக்குப் போனதும் குரல் உயர்ந்தது. சகலை கடைசியில் தெளிப்புக்கு வந்துவிட்டான் என்று சலூன்காரர் சொல்ல, நீங்கள்தானே முதலில் என் தொட்டிக்குள் இறங்கினீர்கள் என்று அவர் சொல்ல, பயத்தில் எடுத்த ஞானஸ்நானம் செல்லுமா என்று இவர் கேட்க, குடிதண்ணீர் லாரியில் கொடுத்தது செல்லுமா என்று கூட வந்திருந்த இவருடைய ஆள் ஒருவன் எடுத்துக்கொடுக்க, நர்சு வந்து எல்லாரையும் வெளியே போகச் சொன்னாள்.

சின்னவள் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள்.

"அந்த மனுஷன் அழுதாராமேக்கா?"

"அழுதாராம்."

"எனக்காகன்னு நினைச்சு ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன்." சிரிக்கப் பார்த்தாள், வலித்தது. "தனக்கு இடம் கிடைக்கலன்னு அழுதிருக்கார்."

பெரியவள் தலையணையைச் சரி செய்தாள். "தூங்குடி" என்றாள்.

கால் தேறிச் சின்னவளை வீட்டுக்கு அனுப்பும்போது, பெரியவள் தொழிற்சாலைக்குப் பின்தெருவில் படி ஏறத் தேவையில்லாத ஒரு அறையைப் பார்த்து வைத்திருந்தாள். நேரே அங்கே கூட்டிக்கொண்டு போனாள். கொஞ்ச நாளைக்கு என்றுதான் ஆரம்பம். ஒரு ஜன்னல், ரெண்டு கட்டில், ஒரு அடுப்பு. யாரும் எதையும் எதற்கும் அடையாளம் என்று சொல்லாத வீட்டில் அவ்வளவு அமைதி இருக்கும் என்று ரெண்டு பேருக்கும் அதுவரை தெரியாது. சாப்பிட்டு முடித்ததும் பெரியவள் வழக்கப்படி ஒரு சின்ன ஜெபம் சொல்வாள். அதில் தேதி எதுவும் இருக்காது. கொஞ்ச நாள் போனது, போய்க்கொண்டே இருந்தது.

சபையிலிருந்து பெண்கள் நாலு பேர் சமாதானம் பேச வந்தார்கள். குடும்பங்கள் பிரிவதும் கடைசிக் காலத்து அடையாளம்தான் என்றாள் அதில் மூத்தவள். "ஆமா. நல்லாப் பாத்துட்டுப் போங்க" என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டாள் பெரியவள்.

சகலைகள் இப்போது சலூன் மாடியில் ஒன்றாகத்தான் இருக்கிறார்கள். லாரிக்காரர் சமைக்கிறார், சலூன்காரர் குறை சொல்கிறார். சாப்பாட்டுத் தட்டோடு ஜன்னலோரம் உட்கார்ந்து வாதம் செய்கிற சத்தம் தன் மிஷின் சத்தத்தையும் மீறிக் கேட்கிறது என்கிறார் டெய்லர். ஒருவரை விட்டால் இன்னொருவருக்குக் கேட்க ஆளில்லை. வாடிக்கையாளர்கள் வேறு கடைக்குப் போய்விட்டார்கள்.

ஒருநாள் வேலை விட்டு வரும்போது பஸ் நிறுத்தத்தில் சலூன்காரர் நின்றுகொண்டிருந்தார். அவளைப் பார்க்கத்தான் வந்திருந்தார் என்று தெரிந்தது. சட்டையில் நடுப் பொத்தான் இல்லை. ஊருக்கெல்லாம் முடி வெட்டுகிற மனுஷனின் பிடரியில் முடி காலரைத் தாண்டி வளர்ந்திருந்தது. பெரியவளுக்கு அதைப் பார்த்ததும் என்னவோ போல ஆகிவிட்டது. புதிதில் அவர் சொன்ன ஒரு வேடிக்கைப் பேச்சுக்கு இருவரும் சிரித்துக்கொண்டே நடந்த தெரு அது. சாப்பிட்டீங்களா என்று கேட்க வாயெடுத்தாள்.

அவர் முந்திக்கொண்டார். குரலைத் தாழ்த்தி, கண்ணை விரித்து, "சேதி கேட்டியா? கடல் உள்வாங்கிடுச்சாம்" என்றார்.

பஸ் வந்தது. பெரியவள் ஏறிக்கொண்டாள். உட்கார இடம் கிடைத்தது.